ஹைடா ஓவியத்தைப் பிள்ளைகளுக்கு விளக்கும் முறை

டர்பனில் வார இறுதித் தமிழ் வகுப்பு நடத்துவோர் ஹைடா கலையை அறிமுகப்படுத்த விரும்பினால், பூர்வகுடியினரான ஹைடா மக்களின் தாயகமாகிய, கனடாவின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள ஹைடா குவாய் தீவுகளை முதலில் வரைபடத்தில் காட்டவேண்டும்.

அடுத்து, ஓர் அச்சுப்படத்தில் உருவம் முழுவதையும் பிணைத்துச் செல்லும், பெரும்பாலும் கறுப்பான, தடித்தும் மெலிந்தும் ஓடும் முதன்மைக் கோட்டைப் பிள்ளைகள் விரலால் பின்தொடரட்டும். சிவப்பு, பொதுவாக இரண்டாம்நிலைக் கோடுகளுக்குரியது. விலங்கைக் கண்டுபிடிப்பது எளிது: நேரான அலகு அண்டங்காக்கைக்கு, வளைந்த அலகு கழுகுக்கு, பெரிய முன்பற்களும் கட்டமிட்ட வாலும் பீவர் என்னும் நீர்நிலைக் கொறிவிலங்குக்கு.

பொருளை விளக்குவதற்கே அதிக நேரம் ஒதுக்குங்கள். ஹைடா மக்கள் அண்டங்காக்கை, கழுகு என்னும் இரு பிரிவினர். பிள்ளை தாயின் பிரிவைச் சேரும். ஒவ்வொரு சின்னமும் ஒரு குடிவழியின் உரிமை. அவ்வுரிமையைச் செந்தேவதாருக் கம்பத்தில் செதுக்கி, பாட்லாட்ச் என்னும் விருந்தில் பரிசு பெறும் விருந்தினரைச் சாட்சியாக்கி நிலைநாட்டுவார்கள். கனடா அரசு 1885 முதல் 1951 வரை அவ்விருந்தைத் தடைசெய்திருந்தது. ஹைடா சிற்பி ராபர்ட் டேவிட்சன் 1969இல் ஹைடா குவாயின் மாசெட் ஊரில் புதிய கம்பம் நிறுவியது ஹைடா கலையின் மறுமலர்ச்சிக்குப் பெருந்துணையானது.

நம் பிள்ளைகள் கோயில் கொடிமரத்தை நினைத்துக்கொள்வது இயல்பே. ஆனால் அக்கம்பங்கள் வழிபாட்டுக்குரியவை அல்ல என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடவேண்டும்.

வரைபயிற்சிக்குக் கண்ணையும் உடல் மூட்டுகளையும் குறிக்கும் முட்டைவடிவம் போதும். பிறர் குடிச்சின்னத்தை அப்படியே படியெடுத்து விழாச் சட்டைகளில் அச்சிடுவதை நான் ஏற்கமாட்டேன்.