வெறும் செக்கில் கையெழுத்து: கடன் விஷயத்தில் நம் டெல்டாக்காரர்கள் செய்யும் தவறுகள்

தை பிறந்தால் வழி பிறக்குமோ இல்லையோ, மாசி பிறந்தால் மன்னார்குடியில் எங்கள் வக்கீல் ஆபீஸுக்குச் செக் கேஸ் வந்துவிடும். சம்பா அறுவடையை நம்பிப் புரட்டாசியில் தேதி தள்ளிப் போட்டுக் கொடுத்த செக்குகள் அப்போதுதான் பேங்குக்குப் போய்த் திரும்பி வரும். மேட்டூரைத் திறந்த நாளிலிருந்து, கொள்முதல் நிலையத்தில் மூட்டை எடை போட்டுக் கணக்கில் பணம் ஏறுகிற நாள் வரைக்கும் இங்கே எல்லாமே கடனில்தான் ஓடுகிறது. உரம், டிராக்டர் உழவு, நடவுக் கூலி, அறுவடை மெஷின் வாடகை, எல்லாம். "நெல்லு போட்டதும் தந்துடறேன்" என்ற பேச்சு போதும். ஆனால் தகராறு என்று வந்துவிட்டால் அந்தப் பேச்சை யாரும் கேட்பதில்லை. தேதியையும் கையெழுத்தையும்தான் கேட்பார்கள்.

போன வருடம் நீடாமங்கலம் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். மடித்து வைத்திருந்த வக்கீல் நோட்டீஸை மேஜையில் வைத்துவிட்டு, "சார், கையெழுத்து மட்டும்தான் என்னுது. மத்தது எதுவும் என் எழுத்தே இல்ல" என்றார். பிறகு கோர்ட்டில் அசல் செக்கைப் பார்த்தபோது அவர் சொன்னது உண்மை என்று பார்த்தவுடனே தெரிந்தது. கையெழுத்து நீல மை, பெயரும் தொகையும் தேதியும் கறுப்பு மை. உரக்கடையில் 40,000 ரூபாய்க்குச் சரக்கு எடுத்தபோது 'சும்மா ஒரு நம்பிக்கைக்கு' கொடுத்த வெறும் செக் அது. இப்போது அதில் 2,40,000 என்று இருந்தது.

இரண்டு மை இருக்கிறதே, வழக்கு அதோடு முடிந்துவிடும் என்று அவர் நினைத்திருந்தார். முடியாது. 1881ஆம் வருட மாற்றுமுறை ஆவணச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டு வெறுமையாகக் கொடுத்தால், அதை நிரப்பிக்கொள்ள எதிராளிக்கு நீங்களே அதிகாரம் கொடுத்ததாக அர்த்தம். மனமுவந்து கொடுத்த வெறும் செக்காக இருந்தாலும் கடனுக்காகக் கொடுத்தது என்றே அனுமானிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2019இல் சொன்னது. மற்ற விவரங்களை வேறொருவர் எழுதினார் என்பதால் அந்த அனுமானம் உடைந்துவிடாது என்று 2022இல் இன்னும் தெளிவாகவே சொல்லிவிட்டது. அதாவது, கடன் இல்லை என்று காட்ட வேண்டிய சுமை கையெழுத்துப் போட்டவர் தலையில். கையெழுத்து நிபுணருக்கு அனுப்பச் சொல்லி மனுப் போடுவதில் பணம்தான் போகும்.

அவரைக் காப்பாற்றியது மை இல்லை, ஒரு மஞ்சள் பை. அவர் மனைவி அந்தப் பருவத்து உரப் பில்களை எல்லாம் அதில் போட்டு வைத்திருந்தார். கூட்டிப் பார்த்தால் நாற்பதாயிரத்தைத் தாண்டவில்லை. எதிர்த்தரப்பால் அதற்கு மேல் ஒரு பில் காட்ட முடியவில்லை. கடைசியில் உண்மைக் கணக்குக்குச் சமரசமாகி, வழக்கு முடிந்தது. அனுமானத்தை உடைக்கச் சந்தேகத்துக்கு இடமில்லாத நிரூபணம் தேவையில்லை. நம் பக்கம் நியாயம் கூடுதலாக இருக்கிறது என்று காட்டும் அளவுக்குச் சான்று இருந்தால் போதும். ஆனால் அந்தச் சான்று காகிதமாக இருக்க வேண்டும்.

இப்படி மாட்டியவர்கள் அடுத்ததாகச் செய்வது, பேங்குக்கு ஓடிப்போய், அந்தச் செக்குக்குப் பணம் தராதே என்று 'ஸ்டாப் பேமென்ட்' கொடுப்பது. சிலர் கணக்கையே மூடிவிடுவார்கள். கடன் உண்மையாக இருக்கும் பட்சத்தில் இரண்டும், செக் திரும்புவதைக் குற்றமாக்கும் 1881 சட்டத்தின் 138ஆவது பிரிவிலிருந்து தப்பவிடாது. தண்டனை இரண்டு வருடம் வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். 2018 திருத்தத்துக்குப் பிறகு, வழக்கு நடக்கும்போதே செக் தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடாகக் கட்டச் சொல்லவும் மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு.

செக் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் தொகையையும் பெயரையும் நீங்களே எழுதுங்கள். மூலையில் இரண்டு கோடு போட்டு 'அக்கவுண்ட் பேயீ' என்று எழுதுங்கள். எதற்காகக் கொடுத்தது என்று ஒரு துண்டுச் சீட்டாவது செக் வாங்குகிறவரிடம் எழுதி வாங்குங்கள். பணத்தை அடைத்த அன்றே செக்கைத் திரும்ப வாங்குங்கள். "அப்புறம் தேடித் தரேன்" என்றால் உட்கார்ந்தே இருங்கள். மரியாதைக் குறைவாக நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும்.

பாதிப் பணம் கொடுத்துவிட்டு முழுத் தொகைக்கான செக்கை அவரிடமே விட்டுவைப்பது இன்னொரு தவறு. இதில் செக் வாங்கினவருக்கும் ஆபத்து இருக்கிறது. செக் கொடுத்த பிறகு பாதித் தொகை வந்திருந்தால், அதைச் செக்கிலேயே குறித்து மீதிக்குத்தான் போட வேண்டும். குறிக்காமல் முழுத் தொகைக்குப் போட்டுத் திரும்பி வந்தால் 138 வழக்கு நிற்காது என்பது 2022 தீர்ப்பு. ஆகவே ரொக்கமாகப் பாதி கொடுக்கிறவர் ரசீது வாங்க வேண்டும். அதைவிட, கணக்கு வழியாக அனுப்பிவிடுவது உத்தமம்.

தேதிகளைத் தவறவிடுவது

செக் வாங்கினவர்கள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். பணம் நியாயமாக வர வேண்டியது, எதிராளியும் ஒத்துக்கொள்கிறார், ஆனால் நாள் போய்விட்டது.

செக்கில் உள்ள தேதியிலிருந்து மூன்று மாதம்தான் அதற்கு உயிர். 2012 ஏப்ரலுக்கு முன்பு ஆறு மாதம் இருந்தது. அந்தப் பழைய கணக்கிலேயே இருப்பவர்கள் இன்னும் உண்டு. செக் திரும்பினால் பேங்க் ஒரு மெமோ கொடுக்கும். அந்தத் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் செக் கொடுத்தவருக்கு எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் அவர் பணம் கட்டலாம். கட்டாவிட்டால் அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார். உதாரணத்துக்கு, மெமோ பிப்ரவரி 13 என்றால் நோட்டீஸ் மார்ச் 15க்குள் போக வேண்டும். அவர் கைக்கு மார்ச் 10இல் கிடைத்தால் 25ஆம் தேதி வரை அவருக்கு நேரம். 26ஆம் தேதியிலிருந்து ஒரு மாதம் உங்களுக்கு. அவசரப்பட்டு 15 நாள் முடிவதற்குள் புகார் போட்டாலும் செல்லாது. புகார் தாமதமானால் தக்க காரணம் சொல்லி மன்னிப்புக் கேட்கலாம். நோட்டீஸ் தாமதத்துக்கு அந்தச் சலுகை இல்லை. ஆனால் செக்கின் மூன்று மாதம் இன்னும் முடியவில்லை என்றால் மறுபடி பேங்கில் போட்டு, மறுபடி திரும்பினால் புதிதாக நோட்டீஸ் கொடுக்கலாம்.

"மாசி போகட்டும், பங்குனியில பாத்துக்கலாம்" என்று அந்த மெமோவை சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தவர்களை எனக்குத் தெரியும்.

நோட்டீஸில் கேட்கும் தொகை செக்கில் உள்ள தொகையாகவே இருக்க வேண்டும். ஒரு கோடி ரூபாய்ச் செக்குக்கு இரண்டு கோடி கேட்டு நோட்டீஸ் அனுப்பிவிட்டு, டைப்பிங் தவறு என்று வாதாடிய வழக்கை 2025இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. நோட்டீஸ் பெற்றவர்களுக்கு ஒன்று: தபால்காரரிடம் "வீட்டில் இல்லை" என்று சொல்லச் சொல்லி உள்ளே உட்கார்ந்திருப்பதால் லாபமில்லை. சரியான விலாசத்துக்கு வந்து மறுக்கப்பட்டால் கிடைத்ததாகவே கணக்கு. பதில் எழுதுங்கள். நம் கதையை முதன்முதலில் சொல்லும் இடம் அந்தப் பதில்தான்.

அப்புறம், "செக் போட்டாலும் பணம் எடுக்க ரெண்டு நாள் ஆகும், அதுக்குள்ள கட்டிடலாம்" என்ற கணக்கும் இப்போது எடுபடாது. 2025 அக்டோபர் 4 முதல் காலையில் போட்ட செக்கை அன்றே பாஸ் செய்துவிடுகிறார்கள். செக்கில் உள்ள தேதியில் பணம் கணக்கில் இருக்க வேண்டும். கொள்முதல் பணம் 'நாளைக்கு ஏறிடும்' என்பது செக் தேதிக்கு ஆதாரமில்லை. ஒரு வாரம் தள்ளியே தேதி போடுங்கள்.

புரோநோட்டு

கடனைத் திருப்பித் தருவதாக எழுதிக் கொடுக்கும் இந்தச் சீட்டு, செக்குக்கு முந்தைய நம் ஊர் வழக்கம். ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன் குறுக்கே கையெழுத்து. ஸ்டாம்ப் இல்லாத நோட்டைக் கோர்ட்டில் சாட்சியமாகவே எடுக்கமாட்டார்கள். பிறகு அபராதம் கட்டி ஒட்டிக்கொள்ளவும் வழியில்லை. 'கேட்கும்போது தருகிறேன்' என்ற நோட்டுக்கு எழுதின தேதியிலிருந்து மூன்று வருடம்தான் காலம். அதற்குள் நோட்டின் பின்புறம் வரவு எழுதி, கடன்காரர் கையெழுத்துப் போட்டால், அன்றிலிருந்து மறுபடி மூன்று வருடம்.

ஆகவே கடன் கொடுத்தவர் செய்யும் தவறு, வட்டியைக் கையில் வாங்கி டைரியில் மட்டும் எழுதிக்கொள்வது. கடன் வாங்கினவர் செய்யும் தவறு நேரெதிர். காலாவதியாகிற சமயத்தில் "சும்மா ஐநூறு ரூபா வரவு வெச்சு கையெழுத்துப் போடு தம்பி" என்றால் என்னவென்று கேட்காமல் போட்டுவிடுவது. கடன் நியாயமானது என்றால் போடுங்கள், நான் தடுக்கவில்லை. எதற்காகப் போடுகிறோம் என்பது தெரிந்து போடுங்கள். வெறும் நோட்டில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுப்பது வெறும் செக் கதையேதான்.

'தண்டல்', 'மீட்டர் வட்டி', 'மணி வட்டி' எல்லாம் பேச்சு வழக்கு மட்டுமில்லை. தமிழ்நாட்டின் 2003ஆம் வருடக் கந்துவட்டித் தடைச் சட்டம் இவற்றைப் பெயர் சொல்லியே தடை செய்கிறது. பணத்தை வசூலித்துத் தர போலீஸுக்கு அதிகாரமில்லை. ஆனால் கந்துவட்டி மிரட்டலுக்குப் புகார் வாங்க வேண்டிய கடமை உண்டு. இந்த இரண்டையும் நம் ஊரில் தலைகீழாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள்.

ஜாமீன் கையெழுத்து, குழுக் கடன், தள்ளுபடி

மச்சான் டிராக்டர் எடுக்கும்போது, "ஒரு கையெழுத்துதானே" என்று போடுகிற ஜாமீன், அவர் கடனையே உங்கள் கடனாக்கும் கையெழுத்து. ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆவது பிரிவுப்படி, மாறாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், ஜாமீன்தாரர் பொறுப்பும் கடன் வாங்கினவர் பொறுப்பும் ஒன்றுதான். முதலில் அவரிடம் கேட்டு, கிடைக்காவிட்டால் உங்களிடம் என்று பேங்க் வரிசையில் வர வேண்டியதில்லை. கடன் வாங்கப்போனால் பேங்க் பார்க்கும் உங்கள் சிபில் ஸ்கோரிலும் அது ஏறும்.

மகளிர் குழுக் கடன் வசூலுக்கு வருகிறவர்கள் விளக்கு வைத்த பிறகும் வாசலில் உட்கார்ந்திருப்பதைத் திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் பக்கம் சகஜமாகப் பார்க்கலாம். 2022 ரிசர்வ் வங்கி விதிப்படி நுண்கடனுக்குக் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ கூப்பிடக் கூடாது. குறித்த பொது இடத்தில்தான் வசூல். இரண்டு தடவை தொடர்ந்து வராமல் போனால்தான் வீட்டுக்கு வரலாம். வட்டிச் சுமையைப் பேசாமல் வசூல் நேரத்தை மட்டும் பேசுகிறோமே என்று எனக்கும் தோன்றும். ஆனால் கையில் இருக்கிற விதியைப் பயன்படுத்தாமல் விடுவானேன்?

தள்ளுபடி வரும் என்று கட்டாமல் இருப்பது டெல்டாவுக்கே உரிய தவறு. 2021 பிப்ரவரியில் 12,110 கோடி ரூபாய்ப் பயிர்க்கடன் தள்ளுபடியானது உண்மை. அது கூட்டுறவு வங்கிக் கடனுக்கு. அதே தெருவில் தேசிய வங்கியில் வாங்கினவருக்கு ஒன்றுமில்லை. கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனைத் தவணை தேதிக்குள் கட்டினால் வட்டியே கிடையாது. வராத தள்ளுபடிக்காக அந்தச் சலுகையை இழந்து, அபராத வட்டியோடு நகையை வைத்துக் கட்டினவர்கள் உண்டு.

பேங்கோடு தகராறு என்றால் கவுண்டரில் சத்தம் போடுவதை விட்டு, எழுத்தில் புகார் கொடுத்து முத்திரை போட்ட நகல் வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரியான ஓம்பட்ஸ்மேனுக்குப் போகலாம். செலவில்லை. விவரத்துக்கு 14448. கணக்கிலிருந்து பணம் திருடு போனால் அந்த நிமிடமே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கும் பேங்குக்கும் சொல்ல வேண்டும், மறுநாள் கிளைக்குப் போய்க்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது.

கடைசியாக, சம்மன். சிவில் கோர்ட் சம்மனை வாங்கிவிட்டுப் போகாமல் இருந்தால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடும். அதை ரத்து செய்யக் கேட்க 30 நாள்தான். தீர்ப்பை நிறைவேற்ற எதிராளிக்கோ 12 வருடம். ஜப்திக்கு வந்தாலும் எல்லாவற்றையும் தூக்க முடியாது. உழவு மாடு, கருவிகள், விதைநெல், சமையல் பாத்திரம், மத வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத நகை இவற்றை உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆவது பிரிவே விலக்கி வைத்திருக்கிறது. தாலியைக் கழற்றச் சொல்லி மிரட்டினதாக வந்த அம்மா ஒருவரிடம் இதைப் படித்துக் காட்டினேன். புத்தகத்தை வாங்கி, அந்த வரியின் மேல் விரலை வைத்து, "இதை ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுங்க சார்" என்றார்.

வக்கீல் வைக்கப் பணமில்லை என்று சம்மனை மறைத்து வைக்க வேண்டாம். கோர்ட் வளாகத்திலேயே வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கும். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பாராமல் இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்டாலும் சொல்வார்கள்.