கூரையில் வள்ளம் ஏற்றிச் செல்லும்போது காரின் உட்புறம் நனையாதிருக்க

இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்கு அருகிலுள்ள காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கங்களுக்குக் காரின் கூரையில் கனோ வள்ளத்தைக் கட்டிக்கொண்டு வருபவர்கள், மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேல் பருவமழைக் காலத்தில், கினிகத்தேனையைத் தாண்டி ஹட்டனை அடைவதற்குள் இருக்கைகள் ஈரமாகிவிட்டதைக் கண்டு கதவு றப்பரைக் குறை சொல்வதுண்டு. பெரும்பாலும் றப்பர் நன்றாகவே இருக்கும். நீரை உள்ளே கொண்டுவருவது வள்ளத்தைக் கட்டிய பட்டியே.

கூரையில் குறுக்குச் சட்டம் இல்லாத கார்களில், பட்டியைக் கதவு இடுக்கு வழியாக உள்ளே விட்டு, மறுபக்கக் கதவு வழியாக வெளியே எடுத்துக் கட்டுகிறோம். விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல், நனைந்த பட்டியின் நெசவு நீரை இழுத்துக்கொண்டு றப்பருக்கு அடியால் உள்ளே வந்து, தலைக்கு மேலே சொட்டவிடுகிறது. ஆகவே, ஆண்டுக்கு நாலைந்து முறையாவது வள்ளம் ஏற்றுபவர் குறுக்குச் சட்டம் பொருத்திக்கொள்வதே என் கருத்தில் சிறந்தது. பட்டி உள்ளே நுழையாவிட்டால் சிக்கலின் பெரும்பகுதி அங்கேயே முடிந்துவிடும்.

அதற்கு வசதியில்லாதவர்கள், பட்டி கதவுக்குள் நுழைவதற்குச் சற்று முன்னால், வெளிப்புறத்தில், ஒரு சாண் நீளப் பருத்திக் கயிற்றை இறுக்கமாக முடிந்து அதன் நுனியைத் தொங்கவிட வேண்டும். பட்டிவழி வரும் நீரில் பெரும்பங்கு கயிற்றைப் பற்றிக்கொண்டு வெளியே சொட்டிவிடும். உட்புறத்திலும் அவ்வாறே ஒரு கயிற்றைக் கட்டி, அதன் நுனியை ஒரு வெற்றுப் போத்தலுக்குள் விட்டால் எஞ்சியதும் இருக்கையில் விழாது. றப்பருக்கு அடியில் வரும் பகுதியில் மட்டும் மெழுகுதிரியைத் தேய்த்துக்கொள்வதும் உதவும்; கொக்கி பிடிக்கும் இடத்தில் தேய்த்தால் பட்டி வழுக்கும். நைலோன் பட்டி நனைந்தால் நீளும், தளர்ந்த பட்டி அசைந்து றப்பரைத் தூக்கும் என்பதால், பொலியெஸ்டர் பட்டியையே வாங்குங்கள். பட்டியை ஜன்னல் வழியாக விடுவதை அறவே தவிர்க்கவும். கண்ணாடியை முழுமையாக மூட முடியாது, கதவையும் திறக்க முடியாது.

வள்ளத்தை எப்போதும் கவிழ்த்தே ஏற்ற வேண்டும். நிமிர்த்தி வைத்தால் அது மழைநீர்த் தொட்டியாகி, கூரைக்குப் பாரமாவதோடு, வளைவு இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது முன் கண்ணாடியில் நீரைக் கொட்டிவிடும். ஏரியிலிருந்து எடுத்த வள்ளத்தைக் கரையிலேயே சாய்த்துச் சில நிமிடம் வடியவிட்டு ஏற்றுவதும் இதனாலேயே.

நனைந்த மிதவை அங்கிகளையும் உடைகளையும் உரப்பையில் போட்டு வாயைக் கட்டிவிடுங்கள். கண்ணாடியில் ஆவி படிந்தால், உட்காற்றையே சுழலவிடாமல் வெளிக்காற்று வரும்படி மாற்றி ஏசியைப் போட வேண்டும். வீடு சேர்ந்த அன்றே கால்மிதிகளை வெளியே எடுத்துவிடுவது அவசியம். 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில், மழைக்காலத்தில் அவை ஓரிரவில் உலர்வதில்லை. அடுப்பங்கரையில் இரண்டு நாளாவது தொங்கட்டும்.