சுவிட்ச் போட்டு 5 விநாடி கழித்து 12 வோல்ட்: 555 ஐசியில் ஒரு டிலே சர்க்யூட்

சில ஆம்ப்ளிஃபயர்களை ஆன் செய்ததும் ஸ்பீக்கரில் 'தொம்' என்று ஒரு அடி விழும். உள்ளே வோல்டேஜ் நிலைப்பட்ட பிறகு ஸ்பீக்கரை இணைத்தால் அது வராது. அதற்கு உதவும் சர்க்யூட்தான் இது. முதலில் 12 வோல்ட் எல்இடி விளக்கை வைத்துச் சோதிப்போம்.

வேண்டியவை: என்இ555 ஐசி (நேரத்தைக் கணக்கிடும் டைமர் சிப்), 12 வோல்ட் ரிலே (காயிலில் மின்சாரம் பாய்ந்தால் இழுத்துக்கொள்ளும் சுவிட்ச்; காயில் 400 ஓம்), 47 கிலோ ஓம் ரெசிஸ்டர், 100 மைக்ரோஃபாரட் 25 வோல்ட் எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர், '103' என்று அச்சிட்ட செராமிக் கெப்பாசிட்டர், 1என்4007 டையோடு இரண்டு, பிரெட்போர்டு, 12 வோல்ட் டிசி அடாப்டர்.

1. ஐசியின் வெட்டு மேலே இருக்கட்டும். இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1 முதல் 4, வலப்பக்கம் கீழிருந்து மேலாக 5 முதல் 8. கால் 1-க்கு மைனஸ். 4, 8 இரண்டுக்கும் பிளஸ். கால் 5-இலிருந்து 103-ஐ மைனஸுக்குக் கொடுங்கள். 7 சும்மா இருக்கட்டும்.

2. 2-ஐயும் 6-ஐயும் சேர்த்துவிடுங்கள். அந்த இடத்திலிருந்து பிளஸுக்கு 47 கிலோ ஓம். மைனஸுக்கு 100 மைக்ரோஃபாரட், அதன் நெகட்டிவ் கால் மைனஸ் பக்கம்.

3. ரிலே காயிலை பிளஸுக்கும் கால் 3-க்கும் இடையே போடுங்கள். காயிலின் குறுக்கே ஒரு டையோடு, கோடு போட்ட முனை பிளஸில்.

4. இன்னொரு டையோடு 47 கிலோ ஓம் ரெசிஸ்டரின் குறுக்கே, கோடு இங்கும் பிளஸில். பலர் இதை விட்டுவிடுவார்கள். இது இல்லாவிட்டால், அணைத்த உடனே திரும்பப் போடும்போது கெப்பாசிட்டரில் மிச்சமிருக்கும் சார்ஜால் டிலே குறைந்துபோகும்.

5. ரிலேயின் காமனுக்கு (பொது முனை) 12 வோல்ட் பிளஸ், என்ஓ முனையில் (ரிலே இழுத்தால் மட்டும் காமனோடு சேரும் முனை) விளக்கின் பிளஸ். விளக்கின் மைனஸ் அடாப்டர் மைனஸுக்கு.

அடாப்டரைப் போட்டதும் கால் 3 உயர்ந்தே இருக்கும், ரிலே இழுக்காது. கெப்பாசிட்டர் சப்ளையில் மூன்றில் இரண்டு பங்கை (8 வோல்ட்) எட்டியதும் கால் 3 கீழே இறங்கும். 'டக்' என்று ரிலே இழுக்கும். நேரம் = 1.1 × ரெசிஸ்டர் × கெப்பாசிட்டர், அதாவது இங்கே சுமார் 5.2 விநாடி. எல்லை சப்ளையின் பங்காகவே இருப்பதால், 12 வோல்ட் 11 ஆனாலும் நேரம் மாறாது. வெறும் டிரான்சிஸ்டர் டிலேயைவிட எனக்கு 555 பிடிப்பதற்கு இதுதான் காரணம்.

100 கிலோ ஓம் போட்டால் 11 விநாடி. கடிகாரத்தில் 9 அல்லது 13 காட்டினால் பயப்படாதீர்கள், எலெக்ட்ரோலிட்டிக்கின் மதிப்பே 20 சதவீதம் முன்பின் இருக்கும். ஆனால் 1 மெகா ஓமுக்கு மேல் போகாதீர்கள்: கெப்பாசிட்டரின் கசிவே சார்ஜைத் தின்றுவிட்டால் ரிலே இழுக்கவே இழுக்காது.

சரி, ஸ்பீக்கருக்கு மாற்றும்போது காமன், என்ஓ இரண்டிலிருந்தும் 12 வோல்ட் வயர்களைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கர் லைனைக் கொடுங்கள். ஸ்டீரியோவுக்கு இரண்டு செட் கான்டாக்ட் உள்ள ரிலே தேவை. 230 வோல்ட்டை மட்டும் பிரெட்போர்டுக்குக் கொண்டுவரவே வேண்டாம்.