கருவிப்பட்டையை மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் ஜாப் டைப்பிங் கடை நடத்துவோரின் கணினியில் வேர்டு, லிப்ரே ஆபீஸ் ரைட்டர், நோட்பேட் பிளஸ் பிளஸ் ஆகியவற்றில் ஒன்றாவது காலை முதல் இரவு வரை திறந்தே இருக்கும். பட்டா மாறுதல் மனு, மாங்கூழ் ஆலைக்கு விலைப்புள்ளி, கல்யாணப் பத்திரிகையின் புரூஃப் என்று வேலை மாறிக்கொண்டே இருப்பதால், அடிக்கடி தேவைப்படும் கட்டளைகளைக் கருவிப்பட்டையில் (டூல்பார்) கைக்கு எட்டும்படி வைத்துக்கொள்ள நினைப்பது நியாயமே. ஆனால் செய்த மாற்றம் எங்கே போய்ப் பதிகிறது என்பதைப் பார்க்காமல் செய்வதுதான் முதல் தவறு. பிற சிக்கல்களில் பெரும்பாலானவை அதிலிருந்தே கிளைக்கின்றன.

ரைட்டரில் டூல்ஸ் மெனுவில் உள்ள கஸ்டமைஸ் சாளரத்தைத் திறந்தால், மாற்றம் ரைட்டர் முழுமைக்குமா, திறந்திருக்கும் ஆவணத்துக்கு மட்டுமா என்று கேட்கும் ஒரு சிறு தேர்வுப்பெட்டி இருக்கும். அவசரத்தில் ஆவணத்தின் பெயரைத் தேர்ந்துவிட்டால், புதிய பொத்தான் அந்த ஒரு மனுவில் மட்டும் தெரியும். அடுத்த கோப்பைத் திறந்ததும் காணாமல் போனதுபோல் தோன்றும். வேர்டில் நமக்கு வேண்டிய பொத்தான்களை வைத்துக்கொள்ளும் சிறு பட்டையான குவிக் அக்சஸ் கருவிப்பட்டைக்கும் இதே இரண்டு வாய்ப்புகள் உண்டு. அதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. வேர்டில் பொத்தான்களின் அமைப்பு ஓர் இடத்திலும், குறுக்குவிசைகள் (கட்டளையை நேரடியாக இயக்கும் விசைச்சேர்க்கைகள்) வழக்கமாக நார்மல் என்ற டெம்ப்ளேட்டிலும் (மாதிரிக் கோப்பு) பதிகின்றன. ஆகவே ஒன்றை நகலெடுத்தால் மற்றொன்றும் கூடவே வந்துவிடும் என்று நம்பக் கூடாது.

இவை எல்லாமே விண்டோஸ் பயனர் கணக்கைச் சார்ந்தவை என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. கடைக்காரர் தம் கணக்கில் அமைத்த பொத்தான்கள், மாலையில் வேறு கணக்கில் உள்நுழையும் ஆபரேட்டருக்குத் தெரியாது. மேலும், கணினியை ஃபார்மட் செய்ய வரும் சர்வீஸ் ஆள் டி டிரைவில் இருக்கும் ஆவணங்களைத் தொடமாட்டார் என்றாலும், நம் அமைப்புகள் சி டிரைவில், ஆப்டேட்டா என்னும் மறைந்திருக்கும் கோப்புறைக்குள் இருப்பதால் அவை அடியோடு போய்விடும். லிப்ரே ஆபீஸை முழுவதுமாக மூடிவிட்டு, அதன் யூசர் கோப்புறையைப் பென்டிரைவில் நகலெடுத்து வைப்பதற்கு அதிக நேரம் பிடிக்காது. வேர்டில் மேலே டேப்களாக அமைந்திருக்கும் ரிப்பனையும் குவிக் அக்சஸ் பட்டையையும் ஒரே கோப்பாக ஏற்றுமதி செய்துகொள்ளலாம்.

அந்தக் கோப்பை வேறு கணினியில் இறக்குமதி செய்யும்போது இன்னொரு தவறு நேர்கிறது. வருகிற அமைப்பு இருக்கிற அமைப்போடு சேராது. இருந்ததை அழித்துவிட்டு அந்த இடத்தில் உட்காரும். காவேரிப்பட்டினத்துக் கிளையில் ஓர் ஆபரேட்டர் பார்த்துப் பார்த்து அமைத்ததை, தலைமைக் கடையிலிருந்து வந்த கோப்பு ஒரே சொடுக்கில் துடைத்துவிடும். எனவே முதலில் அங்குள்ளதை ஏற்றுமதி செய்து வைத்துவிட்டுத்தான் புதியதை ஏற்ற வேண்டும். மேக்ரோவுடன், அதாவது பல செயல்களை வரிசையாகச் செய்து முடிக்கும் சிறு நிரலுடன், இணைத்த பொத்தான் என்றால், பொத்தான் மட்டும் வந்து மேக்ரோ வராமல் போகும். அழுத்தினால் பிழைச்செய்திதான் கிடைக்கும்.

தமிழ் தட்டச்சு செய்வோருக்கே உரிய ஒரு மோதலை ஆங்கிலக் கையேடுகள் சொல்வதில்லை. வேர்டில் குவிக் அக்சஸ் பட்டையின் பொத்தான்களுக்கு இடமிருந்து வரிசையாக ஆல்ட் விசையோடு 1, 2, 3 என்ற எண்கள் தாமாகவே அமைகின்றன. தமிழ் தட்டச்சுக்கு உதவும் மென்பொருளான என்எச்எம் ரைட்டரில் தமிழ்99 போன்ற விசைப்பலகைகளுக்கு மாறவும் ஆல்ட் விசையோடு எண்ணைத்தான் அழுத்துகிறோம். என்எச்எம் ரைட்டர் இயங்கும்போது அது முந்திக்கொள்வதால் பொத்தான் வேலை செய்வதில்லை. அது இயங்காத நாளில், தமிழுக்கு மாறும் நினைப்பில் விசையை அழுத்தினால் பொத்தான் இயங்கிவிடும். அந்த இடத்தில் குவிக் பிரின்ட் இருந்தால், பாதி அடித்த மனு எந்தக் கேள்வியும் கேட்காமல் பிரின்டரிலிருந்து வெளியே வரும். அச்சிடும் பொத்தானைப் பட்டையின் தொடக்கத்தில் வைக்காதிருப்பது நல்லது. ஒன்பது இடங்களுக்குப் பிறகு ஒற்றை எண் கிடைப்பதில்லை என்பதால் அதற்கு அப்பால் வைப்பது இன்னும் பாதுகாப்பு. தமிழோடு கன்னடமும் தெலுங்கும் அடித்துக்கொடுக்கும் ஓசூர்க் கடைகளில் மொழி மாற்றும் விசைகள் கூடுதலாக இருக்கும் என்பதால், புதிய குறுக்குவிசை எதையும் சூட்டும் முன் அவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதிப் பார்ப்பது பயன் தரும்.

ஏற்கெனவே வேலையில் இருக்கும் விசையை வேறு கட்டளைக்குக் கொடுத்துவிடுவதும் இதே இனத்துத் தவறுதான். வேர்டில் குறுக்குவிசை சூட்டும் சாளரம் அந்த விசை இப்போது எதற்கு ஒதுக்கப்பட்டுள்ளது என்று காட்டும்; நோட்பேட் பிளஸ் பிளஸின் ஷார்ட்கட் மேப்பர் மோதலைச் சுட்டிக்காட்டும். அந்த வரியைப் படிக்காமல் சரி என்று அழுத்துகிறவர்கள்தாம் அதிகம்.

பொத்தான்களை அளவின்றிச் சேர்ப்பதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. சிறிய திரையில் இடம் போதாதவை பட்டையின் கோடியில் உள்ள இரட்டை அம்புக்குறிக்குள் ஒதுங்கிவிடும். பிறகு மெனுவில் தேடுவதற்கும் அதற்கும் வேறுபாடு இல்லை. வேண்டாததை நீக்கும்போது மட்டும் சற்று நிதானம் தேவை. ரைட்டரில் பட்டையின் மீது வலச்சொடுக்கு செய்து, விசிபிள் பட்டன்ஸ் என்பதில் குறியை எடுத்துவிட்டால் பொத்தான் மறையும். தேவைப்படும்போது குறியிட்டால் திரும்பி வரும். ஒரே கணினியில் இருவர் வேலை செய்யும் இடத்தில், அழிப்பதைவிட மறைப்பதே மற்றவருக்குச் செய்யும் மரியாதை.

நோட்பேட் பிளஸ் பிளஸில் வலச்சொடுக்கு மெனுவை மாற்ற அதற்குரிய எக்ஸ்எம்எல் கோப்பை (அமைப்புகளைக் குறிச்சொற்களோடு எழுதி வைத்திருக்கும் உரைக்கோப்பு) திருத்த வேண்டும். மாற்றம் தெரிய மென்பொருளை மூடித் திறக்க வேண்டும். ஆனால் பொது அமைப்புகளைக் கொண்ட கான்ஃபிக் கோப்பை அதே நோட்பேட் பிளஸ் பிளஸில் திறந்து திருத்துவது வீண்வேலை. மூடும்போது அது தன் நினைவில் உள்ள பழைய அமைப்பை அந்தக் கோப்பின் மேலேயே எழுதிவிடும். அதை மூடிவிட்டு விண்டோஸின் சாதாரண நோட்பேடில் திருத்துவதே வழி.

எப்போது மாற்றுவது என்பதிலும் தவறு நடக்கிறது. ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடக்கும் திங்கட்கிழமை காலையில், மனு எழுத வந்தவர்கள் வாசலில் நிற்கும்போது மெனுவை மாற்றிப் பார்க்கத் தொடங்கினால், ஏதாவது பிசகியதும் பதற்றத்தில் அனைத்தையும் தொடக்க நிலைக்குத் திருப்பும் கட்டளையைத் தேடத் தோன்றும். வேர்டில் ஒரு டேப் மட்டும் கெட்டிருந்தால் அந்த டேப்பை மட்டும் திருப்பும் வசதி தனியாக உண்டு. அதற்கு அருகிலுள்ள மற்றொரு தேர்வோ ரிப்பனில் செய்ததையும் குவிக் அக்சஸ் பட்டையில் செய்ததையும் சேர்த்தே அழித்துவிடும். லிப்ரே ஆபீஸில் ஹெல்ப் மெனு வழியாக சேஃப் மோடில் தொடங்கி, எதையும் அழிக்காமல் தற்காலிக அமைப்போடு திறந்து பார்க்கலாம். அப்போது பட்டை சரியாகத் தெரிந்தால் கோளாறு நம் அமைப்பில்தான் என்பது உறுதி. அதற்கு மருந்தாக அமைப்புகளையும் இடைமுக மாற்றங்களையும் மட்டும் திருப்பும் தேர்வே பெரும்பாலும் போதும். பயனர் சுயவிவரம் முழுவதையும் திருப்பும் தேர்வை அழுத்தினால், ஊர்ப் பெயர்களும் கிராமப் பெயர்களுமாகச் சேர்த்து வைத்த சொல்லகராதியும், தானியங்கித் திருத்தப் பட்டியலும் அதோடு போய்விடும்.