பிஸ்கட் டின்னும் நாற்பது துண்டும்: பிள்ளைகளுக்கு மாதிரி எடுக்கப் பழக்குவோம்

புள்ளிவிபரவியல் என்றதும் நாங்கள் இடை (சராசரி), இடையம் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்), ஆகாரம் (அதிக தடவை வரும் எண்) என்று சூத்திரத்தில்தான் தொடங்குகிறோம். பிள்ளைகளும் கூட்டிப் பிரித்துச் சரியான விடை தந்துவிடுவார்கள். ஆனால் அந்த எண்கள் யாரைக் கேட்டு வந்தவை, யார் விடுபட்டார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. அதனால் நான் ஆட்களைத் தெரிவதில் தொடங்குகிறேன். கணக்கு அப்புறம்.

படி 1: கேள்வி

"வீட்டு வாசலிலிருந்து பாடசாலை வாசலுக்கு எத்தனை நிமிடம்?" கொழும்பு வகுப்புக்கு இதைவிட நல்ல கேள்வி எனக்குக் கிடைக்கவில்லை. வெள்ளவத்தை ஒழுங்கையிலிருந்து நடந்து வருபவர் இருப்பார், வத்தளையிலிருந்து வானில் வருபவர் இருப்பார், மொறட்டுவைப் பக்கமிருந்து 101 பஸ்ஸில் காலி வீதி நெரிசலைத் தாண்டி வருபவரும் இருப்பார். வீட்டு வருமானம், பரீட்சைப் புள்ளி போன்றவற்றைக் கேட்காதீர்கள். ஒரு பிள்ளையும் கூச்சப்படக் கூடாது.

வகுப்பில் 40 பேர் என்றால் அவர்கள்தான் குடித்தொகை. கேட்கப்போகும் 10 பேர் மாதிரி. எல்லோரையும் கேட்டால் அது தொகைமதிப்பு. இலங்கையின் முதல் தொகைமதிப்பு 1871 இல் நடந்தது. 2012 இல் எண்ணியபோது 2 கோடிக்கு மேல். இதை மாதாமாதம் செய்ய முடியுமா?

படி 2: முதலில் பிழைவிடட்டும்

எந்தப் பத்துப் பேரைக் கேட்கலாம் என்று அவர்களிடமே விடுங்கள். முன்வரிசை என்பார்கள், நண்பர்கள் என்பார்கள். காலை 7 மணிக்கு வாசலில் நின்று முதலில் வரும் பத்துப் பேரைக் கேட்போம் என்றும் ஒருவர் சொல்வார். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் 7.30 மணியடிக்கும்போது ஓடி வருகிறாரே, அவர் அந்தப் பட்டியலில் வரவே மாட்டார். இதை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். பிள்ளைகள் கண்டுபிடிக்கும்வரை பொறுங்கள்.

இந்த இடத்தில் 1936 அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலைச் சொல்லலாம். லிட்டரரி டைஜெஸ்ட் என்ற சஞ்சிகை, யாருக்கு வாக்களிப்பீர்கள் என்று கேட்டுச் சுமார் ஒரு கோடிப் பேருக்குச் சீட்டு அனுப்பியது. ஏறத்தாழ 24 இலட்சம் பதில்கள் வந்தன. ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் வெல்வார் என்றது சஞ்சிகை. 48 மாநிலங்களில் 46ஐ ரூஸ்வெல்ட் வென்றார். தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்களின், அதாவது அந்நாளில் ஓரளவு வசதியானவர்களின், பட்டியல்களையே பெரிதும் நம்பியிருந்தார்கள். அனுப்பியவர்களிலும் விரும்பியவர்கள்தான் பதில் போட்டார்கள். பதில்கள் குவிந்தும் அந்தக் கோணல் நிமிரவில்லை.

படி 3: துண்டு எடுத்தல்

இடாப்பு இலக்கம் 1 முதல் 40 வரை துண்டுகளில் எழுதி, மடித்து, பிஸ்கட் டின்னில் போட்டுக் குலுக்குங்கள். எல்லாத் துண்டும் ஒரே தாளில், ஒரே அளவில், ஒரே மடிப்பில் இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மட்டையில் வெட்டினால் விரல் அதைத் தேடிப் பிடித்துவிடும். ஒவ்வொருவருக்கும் அகப்படச் சமவாய்ப்பு இருந்தால்தான் அது எழுமாற்று மாதிரி.

"ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்தானே, ஏன் பத்து?" என்று யாராவது கேட்டால் மகிழுங்கள். பானையில் ஒரே அரிசி, ஒரே உலை. வகுப்பு அப்படியா?

படி 4: கணக்கு

பத்துப் பேரின் நிமிடங்கள் இப்படி வந்தன என்று வைப்போம்: 8, 10, 12, 15, 20, 25, 25, 40, 45, 90. கூட்டுத்தொகை 290, இடை 29. நடுவில் நிற்கும் 20க்கும் 25க்கும் இடைப்பட்ட 22.5 இடையம். ஆகாரம் 25. மிகப் பெரிய எண்ணுக்கும் மிகச் சிறிய எண்ணுக்கும் உள்ள வித்தியாசமான வீச்சு 82.

இப்போது 90ஐ விரலால் மறையுங்கள். இடை ஏறத்தாழ 22 ஆகச் சரிகிறது. இடையமோ 20க்குத்தான் இறங்குகிறது. தூரத்திலிருந்து வரும் ஒரே பிள்ளை இடையை எவ்வளவு இழுத்திருக்கிறார்! பத்தில் மூன்று பேர்தான் 29க்கு மேல் என்பதையும் எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.

படி 5: திரும்பவும் எடுத்தல்

தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள். துண்டுகளைத் திரும்பப் போட்டுக் குலுக்கி, அடுத்த குழு எடுக்கட்டும். ஒவ்வொரு குழுவின் இடைக்கும் கரும்பலகையில் ஓர் எண்கோட்டின் மேல் ஒரு புள்ளடி போடுங்கள். ஒன்றும் ஒன்றுபோல இராது. "யார் பிழை, டீச்சர்?" என்று கேட்பார்கள். ஒருவரும் இல்லை, மாதிரி மாறினால் விடையும் சற்று மாறும். அப்புறம் 20 பேர் கொண்ட மாதிரிகளை எடுத்து வேறு நிறச் சோக்கால் குறியுங்கள். இந்தப் புள்ளடிகள் பொதுவாக நெருங்கி விழும்.

கடைசியாக 40 பேரையும் கேட்டு, உண்மையான இடையை அதே கோட்டில் குறியுங்கள். புள்ளடிகள் அதன் இரு பக்கமும் நிற்கின்றனவா என்று பிள்ளைகளே முன்னால் வந்து பார்க்கட்டும்.