ரெவிட் மாதிரியிலிருந்து கூலிங் லோடு கணக்குக்கு: ஜிபிஎக்ஸ்எம்எல் கோப்பைக் கையாளும் முறை

ஒரு கட்டடத்தின் குளிர்விப்புச் சுமையையும் (ஏசி அகற்ற வேண்டிய வெப்பம்), குளிர்நாட்டுப் பணியானால் சூடேற்றும் சுமையையும் கணக்கிடத் தேவையான தரைப்பரப்பு, சுவர் அளவு, சன்னல் அளவு எல்லாம், ரெவிட் என்னும் முப்பரிமாணக் கட்டட வடிவமைப்பு மென்பொருளில் கட்டடக் கலைஞர் தந்த மாதிரியிலேயே இருக்கின்றன. அவற்றை அறை அறையாக அளந்து டிரேஸ், ஹேப் போன்ற சுமைக் கணக்கு மென்பொருளில் மறுபடி தட்டச்சு செய்வது வீண் வேலை. இந்த வேலையை மிச்சப்படுத்தத்தான் 2000ஆம் ஆண்டிலிருந்து ஜிபிஎக்ஸ்எம்எல் என்னும் கோப்பு வடிவம் புழக்கத்தில் இருக்கிறது. அதில் வடிவியல் மட்டுமல்லாமல் சுவரின் கட்டுமானம், ஆட்களின் எண்ணிக்கை, விளக்குச் சுமை, கால அட்டவணை ஆகியவற்றையும் அனுப்ப இடமுண்டு. ஆனால் வடிவியலை மட்டும் கோப்பிலிருந்து எடுத்துக்கொண்டு, மற்றவற்றைச் சுமைக் கணக்கு மென்பொருளிலேயே கொடுப்பதுதான் பாதுகாப்பானது என்பது என் கருத்து. கட்டட மாதிரிகளைப் பரிமாறப் பயன்படும் ஐஎஃப்சி என்ற பொதுக் கோப்பு வடிவத்திலும் அனுப்பலாம் என்றாலும், சுவரின் எந்தப் பகுதி எந்த இரண்டு அறைகளுக்கு நடுவே நிற்கிறது என்ற எல்லைத் தகவல் அதில் முழுமையாக வருவது அரிது. ஆகவே அதை, பல துறைகளின் மாதிரிகளை ஒன்றாக வைத்துப் பார்க்கும் ஒருங்கிணைப்புப் பணிக்கு விட்டுவிடலாம்.

வேலையின் பெரும்பகுதி ஏற்றுமதிக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். கட்டடக் கலைஞரின் மாதிரியை நம் ரெவிட் கோப்பில் லிங்க் செய்தபின், அந்த லிங்க்கின் டைப் பிராப்பர்ட்டீஸில் ‘ரூம் பௌண்டிங்’ (அறையின் எல்லையாகக் கொள்) என்பதை டிக் செய்யாவிட்டால், சுமைக் கணக்குக்காக அறைதோறும் நாம் வைக்கும் ஸ்பேஸ்களுக்கு அங்குள்ள சுவர்கள் கண்ணில் படவே படாது. அடுத்து, பரப்பளவு, கன அளவுக் கணக்கை ‘ஏரியாஸ் அண்ட் வால்யூம்ஸ்’ என்ற தேர்வுக்கு மாற்ற வேண்டும். பரப்பை மட்டும் கணக்கிடும் நிலையில் விட்டால் கூரையின் சரிவும் சீலிங்கின் உயரமும் கணக்கில் சேரா. லிங்க்கின் ஃபேஸும் (கட்டுமானக் கட்டம்) நம் கோப்பின் ஃபேஸும் பொருந்தியிருக்கின்றனவா என்றும் பார்த்துவிட வேண்டும். தூண்களின் ‘ரூம் பௌண்டிங்’ தேர்வை நீக்கச் சொல்லிக் கட்டடக் கலைஞரிடம் கேட்பது நல்லது. இல்லையெனில் ஒவ்வொரு தூணைச் சுற்றியும் நான்கு சிறு பரப்புகள் உருவாகி, கோப்பு காரணமின்றி வீங்கும்.

அதிகம் தவறுகள் நேரும் இடம் ஸ்பேஸின் உயரம். தளத்துக்குத் தளம் 3.6 மீட்டர், ஃபால்ஸ் சீலிங் 3 மீட்டரில் என்று கொள்வோம். 6 மீட்டருக்கு 5 மீட்டர் அறை ஒன்றின் கன அளவு, சீலிங்கோடு நிறுத்தினால் 90 கனமீட்டர், மேல்தளம் வரை கொண்டுபோனால் ஏறத்தாழ 108 கனமீட்டர். இவற்றில் எது சரி என்பது, அறையிலிருந்து ஏசி இயந்திரத்துக்குத் திரும்பும் ரிட்டர்ன் காற்று குழாயில் போகிறதா, பிளீனம் (சீலிங்குக்கு மேலுள்ள வெற்றிடம்) வழியே போகிறதா என்பதைப் பொறுத்தது. பிளீனம் வழியென்றால் சீலிங்குக்கு மேல் தனி ஸ்பேஸ் ஒன்றை வைத்து, அதைப் பிளீனம் என்று குறிக்க வேண்டும். எப்படி வைத்தாலும் கீழ் ஸ்பேஸின் தலைக்கும் மேல் ஸ்பேஸின் அடிக்கும் நடுவே வெற்றிடம் இருக்கக் கூடாது. மேல்மாடியில் இந்த வெற்றிடம் விழுந்தால், கூரை எந்த அறையையும் தொடாமல் வெயிலை மறைக்க மட்டுமே உதவும் வெறும் நிழல்பரப்பாகக் கோப்பில் பதிவாகும். கொளுத்தும் மொட்டைமாடிக்கு அடியில் இருக்கும் அறை, நிழலில் இருப்பதுபோலக் குறைந்த சுமையைக் காட்டும். பிழைச் செய்தி வராது என்பதுதான் இதிலுள்ள ஆபத்து.

ஏற்றுமதி செய்தபின், கோப்பை உடனே சுமைக் கணக்கு மென்பொருளில் ஏற்றாமல், ஒருமுறை நோட்பேடில் திறந்து பாருங்கள். முதல் வரிகளிலேயே நீள அலகு மீட்டரா அடியா என்று எழுதியிருக்கும். மீட்டரை அடி என்று படித்துவிட்டால் பரப்பு 10.76 மடங்கும் கன அளவு 35 மடங்கும் சுருங்கும். அது உடனே தெரிந்துவிடும் என்பதால் பெரிய கவலை இல்லை. கவனமாகப் பார்க்க வேண்டியது பரப்புகளைத்தான். ஒவ்வொரு பரப்புக்கும் வெளிச்சுவர், உட்சுவர், கூரை என ஒரு வகைப்பெயரும், அதை ஒட்டியுள்ள ஸ்பேஸின் அடையாளமும் இருக்கும். உட்சுவரென்றால் இரண்டு ஸ்பேஸ்கள், வெளிச்சுவரென்றால் ஒன்று, நிழல்பரப்பென்றால் ஒன்றுமில்லை. கட்டடத்தின் நடுவிலிருக்கும் மீட்டிங் அறைக்கு வெளிச்சுவர் இருப்பதாகக் கோப்பு சொன்னால், பக்கத்து நடைபாதையில் ஸ்பேஸ் வைக்க விட்டுப்போயிருக்கிறது என்று பொருள். குளிர்விக்காத இடமானாலும் படிக்கட்டு, லிஃப்ட் குழி, மின் அறை எல்லாவற்றிலும் ஸ்பேஸ் வைத்தாக வேண்டும்.

வடக்குத் திசை தனிக் கவனத்துக்குரியது. ரெவிட்டில் வரைபட வடக்கும் உண்மை வடக்கும் வேறு வேறாக இருக்கலாம். இரண்டுக்கும் உள்ள கோணத்தைச் சில மென்பொருள்கள் கோப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும், சில கண்டுகொள்ளா. திசை நன்கு தெரிந்த ஒரு சுவரைத் தேர்ந்து, இறக்குமதிக்குப் பின் அதன் திசைக்கோணத்தைப் பார்த்தால் போதும்: வடக்கு 0, கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270. சென்னைத் திட்டமென்றால் ஒரு குறிப்பு: 13 பாகை அட்சரேகையில் மே, ஜூன், ஜூலை மாதங்களில் நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே நிற்கிறது. எனவே வடக்குக் கண்ணாடியில் நேரடி வெயில் காட்டினால், திசை தவறிவிட்டது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம்.

சுவர், கூரை, கண்ணாடி ஆகியவற்றின் வெப்பப் பண்புகளை மென்பொருளின் நூலகத்தில் நாமே அமைத்துக்கொள்ள வேண்டும். மாதிரியிலுள்ள பொருள்களுக்கு வெப்பப் பண்புகளைக் கட்டடக் கலைஞர்கள் பெரும்பாலும் நிரப்புவதில்லை. அவர்களுக்கு அது தேவையுமில்லை. மொட்டைமாடியின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்ட நம் ஊர் வெதரிங் கோர்ஸ், அமெரிக்க மென்பொருளின் இயல்புநிலைக் கூரைப் பட்டியலில் இருக்காது. ஆட்களுக்கும் இதே விதிதான். அலுவலக வேலையில் இருக்கும் ஒருவருக்கு உணர்வெப்பம் (காற்றின் வெப்பநிலையை உயர்த்துவது) 75 வாட், உள்ளுறை வெப்பம் (வியர்வை, மூச்சின் ஈரத்தோடு வருவது) 55 வாட் என்ற, ஏசி பொறியாளர் சங்கமான ஆஷ்ரேயின் மதிப்பை வார்ப்புருவில் ஒருமுறை வைத்துவிட்டால், ரெவிட்டின் இயல்புநிலை எண்கள் உள்ளே நுழைவதைத் தடுக்கலாம்.

கணக்கிடு பொத்தானை அழுத்துமுன், ரெவிட்டின் ஸ்பேஸ் அட்டவணையையும் இறக்குமதியான பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஸ்பேஸ் எண்ணிக்கை, மொத்தத் தரைப்பரப்பு, கன அளவு, திசைவாரியான கண்ணாடிப் பரப்பு ஆகிய நான்கையும் ஒப்பிட வேண்டும். சுவரின் மையக்கோட்டில் அளப்பதா உள்முகத்தில் அளப்பதா என்பதால் பரப்பில் சிறிது வித்தியாசம் வரும். அது 5 சதவீதத்தைத் தாண்டினால் காரணம் தேடாமல் நகரக் கூடாது. கர்ட்டன் வால் (சட்டங்களில் கண்ணாடி பொருத்திய வெளிச்சுவர்) உள்ள முகப்பில் கண்ணாடிப் பரப்பைக் கையால் ஒருமுறை பெருக்கிப் பார்ப்பது நல்லது. முழுச் சுவரும் கண்ணாடியாகவோ, கண்ணாடியே இல்லாததாகவோ வருவது அங்குதான்.

கட்டடக் கலைஞர் வரைபடத்தை மாற்றுவார், அது உறுதி. மறுபடி ஏற்றுமதி செய்யும்போது பழைய உள்ளீடுகள் புதிய அறைகளோடு ஒட்ட வேண்டுமானால், ஸ்பேஸ்களை அழித்துப் புதிதாக வைக்காமல், எல்லையை மட்டும் மாற்றி, எண்களை அப்படியே காக்க வேண்டும். விடைகளைத் திருப்பிக் கொண்டுவரவும் அந்த எண்கள்தாம் கைகொடுக்கும். அறைவாரியான காற்றளவை எக்ஸெல்லில் எடுத்து, ரெவிட்டோடு வரும் டைனமோ என்னும் தானியக்கக் கருவி மூலம் ஸ்பேஸ் எண்ணைப் பொருத்தி, ‘ஸ்பெசிஃபைட் சப்ளை ஏர்ஃப்ளோ’ என்ற புலத்தில் எழுதிவிடலாம். சுமைக் கணக்கில் காற்றளவு சிஎஃப்எம்மிலும் (நிமிடத்துக்குக் கன அடி), ரெவிட்டில் லிட்டர்/வினாடியிலும் இருந்தால், எழுதுமுன் 0.472ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும்.