குழந்தைக்காகக் காத்திருக்கும் இருவருக்கு: முதல் டெஸ்ட் முதல் கைக்குழந்தை வரை

கருத்தடை எதுவும் இல்லாமல் ஒரு வருடம் முயற்சி செய்தும் கரு தங்கவில்லை என்றால் அதைக் குழந்தையின்மை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆனால் இந்த ஒரு வருடக் கணக்கு எல்லோருக்கும் பொருந்தாது. பெண்ணுக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதம் பார்த்துவிட்டு டாக்டரிடம் போய்விடுங்கள், 40ஐ நெருங்கியோ தாண்டியோ இருந்தால் காத்திருக்கவே வேண்டாம். மாதவிடாய் ஒழுங்கில்லாமல் வருகிறது, மாதவிடாய் வலி வேலைக்குப் போக முடியாத அளவுக்கு இருக்கிறது, ஆணுக்குச் சின்ன வயதில் விதைப்பையில் ஆபரேஷன் நடந்திருக்கிறது, இருவரில் ஒருவருக்குப் புற்றுநோய் சிகிச்சை நடந்திருக்கிறது என்றால் வயது எதுவானாலும் இன்றைக்கே போகலாம். "இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போமே" என்று தள்ளிப்போடுவதில்தான் பலருக்கு வருடங்கள் போய்விடுகின்றன. உலகத்தில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒரு கட்டத்திலாவது இதைச் சந்திக்கிறார் என்று அதே நிறுவனம் 2023இல் சொன்னது, ஆகவே அந்த வெயிட்டிங் ஹாலில் கூச்சப்பட எதுவும் இல்லை.

டாக்டரைப் பார்ப்பதற்கு முன் நாள் கணக்கை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 14ஆம் நாள்தான் முட்டை வெளியாகும் என்று பலர் நம்புகிறார்கள், அது 28 நாள் சுழற்சி உள்ளவர்களுக்கு. அடுத்த மாதவிடாய் வருவதற்குச் சுமார் 14 நாள் முன்னால் என்று பின்னாலிருந்து எண்ணுவதுதான் சரி, அதாவது 35 நாள் சுழற்சிக்காரருக்கு 21ஆம் நாள் வாக்கில். வெளியான முட்டைக்கு 12 முதல் 24 மணி நேரம்தான் ஆயுள், விந்தணு ஐந்து நாள் வரைகூட உள்ளே உயிரோடு இருக்கும். அதனால் முட்டை வரும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களும்தான் முக்கியம். இதற்காக மொபைல் ஆப் சொல்லும் ஒரே ஒரு தேதியைப் பிடித்துக்கொண்டு அன்றைக்கு ஒருவரையொருவர் படுத்த வேண்டாம், மாதம் முழுக்க இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சேர்ந்திருந்தாலே போதும். ஃபோலிக் ஆசிட் 400 மைக்ரோகிராம் மாத்திரையைக் கரு தங்குவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தாவது பெண் எடுத்துக்கொள்வது நல்லது. சிலருக்கு இதைவிடக் கூடுதல் டோஸ் தேவைப்படும், வலிப்பு மாத்திரை எடுப்பவர்கள், சர்க்கரை உள்ளவர்கள் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். சிகரெட்டை இருவரும் விட வேண்டும். அப்புறம் ஜிம்முக்குப் போகும் ஆண்கள் கவனிக்க: உடம்பை ஏற்ற டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால் விந்தணு உற்பத்தி சுத்தமாக நின்றுவிடக்கூடும். ஆண்மைக்கான ஹார்மோன்தானே என்று போட்டுக்கொண்டவர்களுக்கு இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

இருவரும் ஒரே வாரத்தில் டெஸ்ட் எடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். மனைவிக்கு ரத்தம், ஸ்கேன், டியூப் டெஸ்ட் என்று எல்லாம் முடிந்து ஆறு மாதம் மருந்தும் சாப்பிட்ட பிறகு, "சரி, அவரையும் ஒருமுறை பார்த்துவிடலாம்" என்று ஆரம்பிக்கும் வீடுகள் இன்னும் ஏராளம். குறை ஆண் பக்கம் இருப்பதும், இரு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் இருப்பதும் சர்வ சாதாரணம். விந்து பரிசோதனைக்கு ஊசி இல்லை, வலி இல்லை, செலவும் மற்றவற்றோடு ஒப்பிட்டால் குறைவு. அதை முதலில் செய்யாமல் விட ஒரு காரணமும் கிடையாது, கௌரவத்தைத் தவிர.

அதை எப்படிக் கொடுப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன், லேபில் யாரும் நிதானமாக விளக்க மாட்டார்கள். விந்து வெளியேறாமல் இரண்டு முதல் ஏழு நாள் வரை இடைவெளி விட்டிருக்க வேண்டும், பத்துப் பதினைந்து நாள் சேர்த்துவைத்தால் நன்றாக வரும் என்பது தப்பு. கடையில் வாங்கும் வழுவழுப்பு ஜெல், எச்சில், சாதாரண ஆணுறை எதுவும் கூடாது. முதலில் வரும் சொட்டுகளில்தான் விந்தணு அதிகம், அது டப்பாவுக்கு வெளியே சிந்தியிருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். லேப் வீட்டிலிருந்து கொண்டுவர அனுமதித்தால் ஒரு மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், வழியில் டப்பாவைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டால் சூடு குறையாது. ரிப்போர்ட்டில் ஒரு மில்லிக்கு 16 மில்லியன், நகர்வு 42 சதவீதம், நல்ல வடிவம் 4 சதவீதம் என்று போட்டிருப்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் உள்ள கீழ் எல்லை. குழந்தை பெற்ற ஆண்களை அளந்து எடுத்த கணக்கு அது, அதற்குக் கீழே வந்தால் அப்பாவாகவே முடியாது என்று அர்த்தமில்லை. நல்ல வடிவம் 4 சதவீதம்தானா என்று பார்த்ததும் பலருக்குத் தலை சுற்றும், ஆனால் அது நார்மல்தான். ரிசல்ட் மோசமாக வந்தால் சில வாரம் விட்டு இன்னொரு முறை எடுங்கள். ஒரு விந்தணு உருவாகி வெளியே வர இரண்டரை முதல் மூன்று மாதம் ஆகும். போன மாதம் வந்த கடும் காய்ச்சல் இந்த ரிப்போர்ட்டில் தெரியும், இன்று சிகரெட்டை நிறுத்திய பலன் அடுத்த மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும்.

பெண்ணுக்கான டெஸ்ட்களில் எந்த டெஸ்ட் என்பதைவிட எந்த நாளில் என்பது முக்கியம். முட்டை வளர்வதையும் வெளியாவதையும் தூண்டும் ஹார்மோன்களான எஃப்எஸ்ஹெச், எல்ஹெச் எல்லாம் மாதவிடாயின் இரண்டாம் மூன்றாம் நாளில். கருக்குழாய் அடைப்பைப் பார்க்கும் எக்ஸ்ரே டெஸ்ட், ரத்தப்போக்கு நின்ற பிறகு, முட்டை வெளியாவதற்கு முன்னால். இதில் வலி இருக்கும், போவதற்கு முன் வலி மாத்திரை போட்டுக்கொள்ளலாமா என்று நீங்களே கேளுங்கள். முட்டை வெளியான பிறகு கூடும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோனை 21ஆம் நாள் பார்ப்பதும் 28 நாள் சுழற்சிக்குத்தான். உங்களுடையது 35 நாள் என்றால் 28ஆம் நாள் எடுக்க வேண்டும், இல்லையென்றால் முட்டையே வரவில்லை என்று ரிப்போர்ட் பொய் சொல்லும். முட்டை இருப்பைக் காட்டும் ரத்த டெஸ்ட்டான ஏஎம்ஹெச் குறைந்தால் பலர் அன்றைக்கே அழுதுவிடுகிறார்கள். முட்டை வளர்க்கும் ஊசி போட்டால் எத்தனை முட்டை கிடைக்கலாம் என்பதற்கான குறிப்புதான் அது. முட்டையின் தரத்தையோ, இயற்கையாகக் கரு தங்குமா என்பதையோ அது சொல்லாது.

எல்லா ரிப்போர்ட்டையும் தேதி வாரியாக ஒரு ஃபைலில் போட்டு, ஒவ்வொரு மாதமும் எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், எத்தனையாவது நாளில் முட்டை என்ன சைஸ் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். டாக்டரை மாற்றும்போது இந்த நோட்டு பல மாதங்களை மிச்சப்படுத்தும்.

சிகிச்சையில் எங்கே நிற்பது, எப்போது ஏறுவது

நீர்க்கட்டி என்று நாம் சொல்லும் பிசிஓஎஸ் இருந்து முட்டை ஒழுங்காக வராதவர்களுக்குப் பெரும்பாலும் லெட்ரோசோல் மாத்திரைதான் முதல் மருந்து, உடல் எடை கூடுதலாக இருந்தால் கொஞ்சம் குறைத்தாலே சிலருக்கு முட்டை வர ஆரம்பித்துவிடும். அடுத்த படி ஐயூஐ, கழுவிச் சுத்தப்படுத்திய விந்தணுவை நேராகக் கர்ப்பப்பையில் விடுவது. ஒரு குழாயாவது திறந்திருந்தால்தான் இதற்கு அர்த்தம் உண்டு. அதற்கு மேல் ஐவிஎஃப், முட்டையை வெளியே எடுத்து லேபில் விந்தணுவோடு சேர்த்து, உருவான கருவைக் கர்ப்பப்பையில் வைப்பது. இந்த முறையின் முதல் குழந்தையான லூயிஸ் பிரவுன் 1978 ஜூலையில் பிறந்தபோது உலகமே வேடிக்கை பார்த்த விஷயம் இன்று தினசரி வேலையாகிவிட்டது. ஒரே ஒரு விந்தணுவை முட்டைக்குள் ஊசியால் செலுத்தும் இக்சி முறையில் முதல் குழந்தைகள் பிறந்தது 1992இல், விந்தணு மிகக் குறைவாக உள்ள ஆண்களுக்கு வழி திறந்தது அப்போதுதான்.

என்னைக் கேட்டால், ஒவ்வொரு படியிலும் கால் வைப்பதற்கு முன்பே எத்தனை முறை என்று பேசி முடிவு செய்துவிட வேண்டும். தோற்ற அன்றைக்கு உட்கார்ந்து முடிவெடுத்தால் கோபமும் ஆசையும்தான் பேசும். 38 வயதுக்காரர் ஐயூஐயிலேயே ஒரு வருடம் சுற்றுவது வீண், 28 வயதில் குழாய், முட்டை, விந்தணு எல்லாம் சரியாக இருப்பவரை எடுத்த எடுப்பிலேயே ஐவிஎஃப் என்று பயமுறுத்துவதும் சரியல்ல. என் வயதில், என் பிரச்சினை உள்ளவர்களில், இந்த இடத்தில் எத்தனை பேர் குழந்தையோடு வீடு போகிறார்கள் என்று கேளுங்கள். பாசிட்டிவ் வந்தவர்களின் கணக்கு வேறு, குழந்தை பிறந்தவர்களின் கணக்கு வேறு. கூடுதலாக இதையும் செய்தால் ஒட்டிக்கொள்ளும் என்று பட்டியல் நீளும்போது ஆதாரம் என்ன என்று கேட்கத் தயங்காதீர்கள். கர்ப்பப்பை உள்சுவரைச் சுரண்டுவது அப்படித்தான் பரவலாக நடந்துவந்தது, 2019இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில் அதனால் பலன் எதுவும் தெரியவில்லை.

ஐவிஎஃப் ஊசிகள் சுமார் பத்துப் பன்னிரண்டு நாள். தொப்புளிலிருந்து இரண்டு விரல் தள்ளி, தோலைக் கிள்ளிப் பிடித்து, இன்று வலப்பக்கம் என்றால் நாளை இடப்பக்கம். ஃப்ரிட்ஜில் இருந்த மருந்தைச் சிறிது நேரம் வெளியே வைத்துப் போட்டால் எரிச்சல் குறையும். இதில் தவறவே கூடாதது, முட்டையை முழுதாக முதிர வைக்கும் கடைசி டிரிக்கர் ஊசி. அதைப் போட்டு 34 முதல் 36 மணி நேரத்துக்குள் முட்டை எடுக்க வேண்டும் என்பதால்தான் ராத்திரி பத்தரை, பதினொன்றே கால் என்று விசித்திரமான நேரம் கொடுக்கிறார்கள். இரண்டு போனிலும் அலாரம் வையுங்கள், ஊசியை இன்னொருவர் போட வேண்டுமென்றால் அவரை முன்பே வரச்சொல்லி உட்கார வையுங்கள். முட்டை எடுத்த பிறகு வயிறு கல் மாதிரி வீங்கி, மூச்சு வாங்கி, சிறுநீர் குறைந்தால் நள்ளிரவானாலும் டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

கரு வைத்த பிறகு படுத்தே கிடக்க வேண்டியதில்லை, படுக்கை ஓய்வால் வெற்றி கூடுவதாக ஆய்வுகளில் தெரியவில்லை. நடந்தால், இருமினால், பாத்ரூம் போனால் கரு விழுந்துவிடாது. மார்பு வலி, வயிற்று உப்புசம், தூக்கக் கலக்கம் எல்லாமே புரோஜெஸ்டிரோன் மருந்தாலும் வரும், அறிகுறியை வைத்து எந்தப் பக்கமும் முடிவு கட்ட முடியாது. வீட்டு டெஸ்ட்டைச் சீக்கிரமாகப் போட்டால் டிரிக்கர் ஊசியின் மிச்சமே பொய்யாக இரண்டாவது கோட்டைக் காட்டலாம். ஜன்னல் வெளிச்சத்தில் பட்டையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, போட்டோ எடுத்துப் பெரிதாக்கி, இருக்கிறதா இல்லையா என்று இருவரும் சண்டை போடுவதைவிட ரத்த டெஸ்ட் தேதி வரை பொறுப்பது நல்லது. பொறுக்க முடியாதவர்கள் போட்டுப் பாருங்கள், ஆனால் நெகட்டிவ் வந்தது என்று மருந்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

"ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கேட்பவர்களுக்கு ஒரே பதிலை முன்பே தயார் செய்துகொள்ளுங்கள், இருவரும் அதையே சொல்லுங்கள். "இருந்தால் நாங்களே சொல்கிறோம்" என்பது போதும். அவரவர் சொந்தக்காரரை அவரவர்தான் சமாளிக்க வேண்டும், மாமியாருக்கு மருமகள் பதில் சொல்லும்படி கணவன் விட்டுவிடக் கூடாது. தோழியின் வளர்ந்த வயிற்றைப் பார்க்க முடியாமல் ஒரு விழாவுக்குப் போகவில்லை என்றால் அது பொறாமை இல்லை, அந்த மாதம் அவ்வளவுதான் தாங்கும். தோற்ற மாதத்தில் இருவருக்கும் துக்கம் ஒரே மாதிரி வெளிப்படாது, ஒருவர் அழுவார், ஒருவர் டிவியைப் பார்த்துக்கொண்டிருப்பார். பேசாதவருக்கு வருத்தமில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கரு தங்கிக் கலைந்தால் ஆரம்ப வாரங்களில் பெரும்பாலும் காரணம் கருவின் குரோமோசோம் கோளாறு, நீங்கள் பஸ்ஸில் போனதோ பக்கெட் தூக்கியதோ அல்ல.

பாசிட்டிவ் வந்த பிறகு

சந்தோஷம் வரும் என்று காத்திருந்த இடத்தில் பயம் வந்து உட்கார்ந்துகொள்ளும், வருடக்கணக்கில் அடிபட்டவர்களுக்கு இது சகஜம். ரத்தத்தில் பார்க்கும் கர்ப்ப ஹார்மோனான ஹெச்சிஜியின் எண் 48 மணி நேரத்தில் இரட்டிப்பாகியே தீர வேண்டும் என்று படித்துவிட்டுக் கலங்காதீர்கள், ஆரம்பத்தில் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஏறினாலும் நல்ல கர்ப்பமாக இருக்கலாம். ஆறேழு வார ஸ்கேனில் இதயத் துடிப்பு தெரியும். ஐவிஎஃப் கரு என்றாலும் குழாயில் போய்த் தங்க வாய்ப்பு உண்டு, ஆகவே ஒரு பக்க வயிற்று வலி, தோள்பட்டை நுனியில் வலி, மயக்கம் வந்தால் ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காதீர்கள். எட்டுப் பத்து வாரத்தில் உங்களைச் சாதாரணப் பிரசவ டாக்டரிடம் அனுப்பிவிடுவார்கள். அதுவரை நாலு நாளுக்கு ஒரு ஸ்கேன் என்று பழகியவர்களுக்கு, மாதம் ஒருமுறை வந்தால் போதும் என்பது கைவிட்டமாதிரி இருக்கும். பயம் அதிகமாக இருக்கிறது என்று புது டாக்டரிடம் முதல் நாளே சொல்லிவிட்டால் நடுவில் ஒருமுறை துடிப்பைக் கேட்க வரச்சொல்வார்கள். குழந்தைச் சாமான் வாங்க மனம் வரவில்லையா, விடுங்கள், வேண்டியதைப் பட்டியல் மட்டும் போட்டு வைத்தால் கடைசி மாதத்தில் யாராவது ஒரே நாளில் வாங்கி வந்துவிடலாம்.

குழந்தை கைக்கு வந்த பிறகு யாரும் சொல்லாத ஒன்று உண்டு. இவ்வளவு ஏங்கிப் பெற்ற பிள்ளை, ராத்திரி மூன்று மணிக்கு நாலாவது முறை அழும்போது எரிச்சல் வரும், உடனே எரிச்சல்பட்டதற்காகக் குற்ற உணர்ச்சி வரும். "கேட்டுத்தானே வாங்கினாய்" என்று யாராவது சொல்லவும் செய்வார்கள். நாளுக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் கேட்கும் ஒரு உயிரோடு தூக்கமில்லாமல் கிடக்கும் யாருக்கும் வருவதுதான் அது, காத்திருந்ததால் அசதி குறைவதில்லை. முதல் இரண்டு வாரம் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம், அதைத் தாண்டியும் நீடித்தால், குழந்தையைப் பார்த்தால் ஒன்றுமே தோன்றவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், அதற்குச் சிகிச்சை உண்டு. குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்தே தூங்க விடுங்கள். மூன்று மாதத்துக்குள் 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் வந்தால் கைமருந்து பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரி.

கருத்தடை பற்றிப் பேச வந்தால் சிரிக்காதீர்கள். ஐவிஎஃப்பில் குழந்தை பெற்றவர்களில் குறைந்தது ஐந்தில் ஒருவருக்கு அடுத்த கரு சிகிச்சையில்லாமலே தங்கியிருப்பதாக 2023இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் பழைய ஆய்வுகளைத் திரட்டிச் சொன்னார்கள். முழுக்கத் தாய்ப்பால் கொடுக்காதவர்களுக்குப் பிரசவமாகி ஒரு மாதத்துக்குள்கூட முட்டை வந்துவிடலாம், அதுவும் மாதவிடாய் வருவதற்கு முன்பே. உடம்பு தேற வேண்டும், சிசேரியன் என்றால் இன்னும் கூடுதலாக இடைவெளி வேண்டும், ஆகவே ஆறாவது வாரச் செக்கப்பில் இதையும் கேட்டுவிட்டு வாருங்கள். உறைய வைத்த கரு மிச்சம் இருந்தால் வருடா வருடம் புதுப்பிக்கும் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள், வீடு மாறினால் கருவை வைத்திருக்கும் இடத்துக்குப் புது முகவரியைக் கொடுத்துவிடுங்கள்.